கான்ஸ்டன்ஸ் லிட்டன் அம்மையார்

தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி மாணவர் கேள்விப்பட்டிருப்பர். 1876ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் ஏரியும் குளமும் வறண்டன. உழவர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்த மாந்தர் வழியிலேயே வீழ்ந்து மடிந்தனர். அக்காலத்தில் இந்தியாவை ஆண்ட இராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு என்பவர். மக்கள் பசியால் மாண்டுகொண்டிருந்த அந்நாளிலேயே, 1877ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று, அவர் தில்லியில் பெருவிழா ஒன்று நடத்தி விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசியார் எனப் பறைசாற்றினார். பஞ்ச நிவாரணத்திற்கு ஆகும் செலவைச் சுருக்குமாறு சென்னைக்கு ஓர் அதிகாரியையும் அனுப்பினார். நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் 1878ஆம் ஆண்டில் அவர் ஆட்சியிலேயே பிறந்தது.

அப்பிரபுவின் மாளிகையில் அந்நாளில் ஓடி விளையாடிய சிறுமியருள் ஒருத்தி கான்ஸ்டன்ஸ். அவளுக்கு அப்பொழுது வயது ஏழு. வெளியே நாடு பசித்திருந்ததை அச்சிறுமி அறிந்திருக்க வழியில்லை. தந்தையின் செயலுக்கு மகளைப் பொறுப்பாக்குதல் முறையும் அன்று. ஆயினும், பட்டினியையும் வாயடைத்தலையும் தன் உடம்பிலேயே அனுபவித்தறிய அவள் ஒருநாள் தானே முன்வந்தாள் என்பதை எண்ணும்போது வரலாற்றின் போக்கு வியப்பைத் தருகிறது. அவ்வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

கான்ஸ்டன்ஸ் 1869ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். தந்தையார் அப்பொழுது அங்கே ஆங்கில அரசின் தூதரகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பாட்டனார் புல்வர் லிட்டன் புகழ்பெற்ற நாவலாசிரியர். 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆட்சி மாறவே, லிட்டன் பிரபு பதவியைத் துறந்து குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். ஹெர்ட்போர்டு மாவட்டத்து நெப்வொர்த் என்னும் ஊரில் அவர்களுக்குக் கோட்டை போன்றதொரு பழமையான மாளிகை இருந்தது. கான்ஸ்டன்ஸ் வளர்ந்த இடம் அதுவே.

இசையில் தேர்ச்சியும் எழுத்தில் பழக்கமும் அவருக்கு இருந்தன. ஆனால், அவர் கூச்சம் மிகுந்தவர். விருந்துகளிலும் ஆடரங்குகளிலும் பலர் நடுவே பேச நேர்ந்தால் ஒதுங்கிக்கொள்வார். பிறவியிலேயே நெஞ்சு வலிமை குன்றியவர். கீல்வாத நோயும் அவரை இளமையிலேயே பற்றியது. அவர் விரும்பிய ஒருவரை மணக்கத் தாயார் இசையவில்லை. குலமும் செல்வமும் ஒத்துவரவில்லை என்பது காரணம். தாயின் சொல்லைக் கான்ஸ்டன்ஸ் மீறவில்லை. வேறு எவரையும் மணந்துகொள்ளவும் இல்லை. 1891ஆம் ஆண்டில் தந்தையார் பாரிஸ் நகரில் இறந்தபின், தாயார் எடித் சீமாட்டிக்குத் துணையாக இருப்பதையே தம் கடமையாகக் கொண்டார். உடன்பிறந்தவர் ஒவ்வொருவராக வாழ்க்கையில் நிலைபெற்றனர். தங்கை எமிலி, பிற்காலத்தில் புதுதில்லி நகரை வகுத்தமைத்த லுட்டியன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரை மணந்தார். சிம்லாவில் பிறந்த தம்பி விக்டர், தந்தையின் பிரபுப் பட்டத்தை ஏற்றார். கான்ஸ்டன்ஸ் மட்டும் தாயின் அருகிலேயே, நோயாளியைப் பேணுவதும் பூச்செடி வளர்ப்பதும் கடிதம் எழுதுவதுமாகக் காலத்தைக் கழித்தார். புலால் உணவை அறவே நீக்கினார். இவ்வாறு நாற்பதாம் வயதை எட்டும்வரை, அவரைப் பற்றி எழுதுவதற்கு எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்நாளைய ஆங்கில நாட்டில் பெண்களின் நிலை யாது? சொத்துடைய மாது அரசுக்கு வரி செலுத்தினாள். ஆலையில் உழைத்த மாது நாட்டின் செல்வத்தைப் பெருக்கினாள். ஆயினும் அந்த வரியை விதிக்கும் பாராளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இருவருக்கும் உரிமை இல்லை. 1866ஆம் ஆண்டிலேயே ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் வாயிலாகப் பெண்கள் வாக்குரிமை கோரி விண்ணப்பம் செய்தனர். அதன்பின் நாற்பதாண்டுக் காலம் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாகக் குவிந்தன. அமைச்சர் பலர் இன்சொல் கூறி அனுப்பினர். சட்டம் ஒன்றும் வந்தபாடில்லை. இனிச் சொல்லால் பயனில்லை, செயலே வேண்டும் என்று துணிந்த எமிலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் 1903ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் மாதர் சங்கம் ஒன்றை நிறுவினார். அச்சங்கத்தினர் அமைச்சர்களின் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்டனர்; தூக்கி வெளியே எறியப்பட்டனர்; பாராளுமன்றத்தை நோக்கி அணிவகுத்துச் சென்று சிறை புகுந்தனர். பத்திரிகைகள் அவர்களை எள்ளி நகையாடின.

கான்ஸ்டன்ஸும் தொடக்கத்தில் அவர்களை வெறுத்தவரே. உறவினரான மூதாட்டி ஒருவர் விட்டுச்சென்ற ஆயிரம் பவுனை எந்த நற்செயலுக்குச் செலவிடலாம் என்று அவர் தேடியபோது, ஏழைத் தையற்பெண்களுக்கு நாட்டுப்புற ஆடலும் பாடலும் கற்பிக்கும் கழகம் ஒன்று கண்ணிற்பட்டது. அதன் தொடர்பாக 1908ஆம் ஆண்டில் லிட்டில்ஹாம்ப்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கே தங்கியிருந்தவருள் பெதிக் லாரன்ஸ் அம்மையாரும், சிறுவயதிலேயே பஞ்சாலையில் வேலைக்குச் சென்ற ஆனி கென்னி என்னும் மங்கையும் இருந்தனர். இருவரும் மாதர் சங்கத்தினர், சிறை கண்டவர். அவர்களோடு உரையாடிய கான்ஸ்டன்ஸ், அவர்களுடைய குறிக்கோளை ஒப்புக்கொண்டார், முறையை ஒப்பவில்லை.

அவ்வூரில் ஒருநாள் அவர் கண்ட காட்சி ஒன்று சிறியதே ஆயினும் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கொலைக்களத்திற்கு ஓட்டிச்செல்லப்பட்ட ஆடு ஒன்று தப்பித் தெருவில் ஓடியது. அது கால் இடறித் தடுமாறி வீழ்ந்து எழுந்ததைக் கண்டு கூடியிருந்தோர் கைகொட்டி நகைத்தனர். இருவர் அதனைப் பிடித்தபோது ஒருவன் அதன் முகத்தில் அறைந்தான். தன் இயல்பான இடத்தில், மலைச்சாரலில், அவ்விலங்கு எத்துணை அழகுடையதாக இருக்கும்! கட்டி இழுத்து வந்து நடுத்தெருவில் விட்டுவிட்டு, அதன் தடுமாற்றத்தை எள்ளி நகைப்பது தகுமா? பெண்ணினத்தை உலகம் நடத்தும் முறையும் இதுதானே என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை தாமும் அந்நகைப்பிற்கு உடன்பட்டே இருந்ததாக அவர் உணர்ந்தார். சில திங்களில் மாதர் சங்கத்தில் உறுப்பினரானார்.

1909ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாராளுமன்றத்திற்குத் தூது செல்லும் மாதருள் ஒருவராகக் கான்ஸ்டன்ஸ் தம் பெயரைக் கொடுத்தார். சிறையைக் காட்டிலும் அவர் அஞ்சியது ஒன்று உண்டு. அது தாயின் துயரம். நேரிற் சொல்ல நா எழவில்லை. கடிதம் ஒன்று எழுதி அனுப்பிவிட்டுப் புறப்பட்டார். காவலர் கூட்டத்தின் நெருக்கலில் மூச்சு முட்டியது, கால் தளர்ந்தது, தோழியர் இருபுறமும் தாங்கினர். பாராளுமன்ற வாயிலை அடைந்த அவரைக் காவலர் கைது செய்தனர். நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இலண்டனில் ஹாலோவே என்பது மாதர் சிறை. அங்கே உடன்வந்த தோழியர் தனியறைகளில் அடைக்கப்பட்டனர். கான்ஸ்டன்ஸை மட்டும் அதிகாரிகள் மருத்துவமனைப் பகுதியில் வைத்தனர். நெஞ்சு நோய் உடையவர் என்பது அவர்கள் காட்டிய காரணம். ஆனால், முன்னாள் இராஜப்பிரதிநிதியின் மகள், அரண்மனையில் பணிபுரிந்த சீமாட்டியின் மகள், பிரபுவின் தமக்கை என்பதே உண்மைக் காரணம் என்று அவர் ஐயுற்றார். தம்மையும் தனியறைக்கு அனுப்புமாறு பலமுறை வேண்டினார், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பின்னர் அவர் மேற்கொண்ட வழி, கேட்போரைத் திடுக்கிடச் செய்வது. வாக்குரிமை கோரும் சொற்களைத் தம் உடம்பிலேயே கீறி எழுத முடிவு செய்தார். நெஞ்சிற்கு நேரே முதலெழுத்தைத் தொடங்கிக் கன்னத்தில் முற்றுப்புள்ளி வைப்பதாகத் திட்டம். தையல் ஊசியையும் கொண்டை ஊசியையும் கொண்டு முதலெழுத்தைக் கீறியும்விட்டார். குருதி கசிந்தது. பிறகு மருத்துவரிடம் அதனைக் காட்டி, எஞ்சிய எழுத்துகள் நாள்தோறும் தொடரும் என்று அமைதியாக அறிவித்தார். அதிகாரிகள் பதறினர். சில நாளில் அவர் விரும்பியபடியே தனியறை கிடைத்தது. மெல்லியலார் எனப்பட்ட அம்மாதின் உள்ளத்துள் இருந்த எஃகு இந்நிகழ்ச்சியால் முதன்முதலாக வெளிப்பட்டது எனலாம். அவர் செய்கையை நாம் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால், தமக்கு மட்டும் காட்டப்பட்ட சலுகை அவரை எவ்வளவு புண்படுத்தியது என்பதற்கு அந்த வடுவே சான்று.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் போராட்டம் வேறொரு வடிவம் கொண்டது. அரசியற் கைதிகளுக்கு உரிய முதற்பிரிவில் தம்மை வைக்க வேண்டும் என்று கோரி, மேரியன் வாலஸ் டன்லப் என்னும் ஓவியக் கலைஞர் சிறையில் உணவை மறுத்தார். 91 மணி நேரம் கழித்து அவர் விடுவிக்கப்பட்டார். பிறரும் அவ்வழியைப் பின்பற்றவே, செப்டம்பர்த் திங்கள் முதல் அரசினர் உண்ணாநோன்பு மேற்கொண்ட மாதருக்குக் குழாய் வழியாக வலிந்து உணவூட்டத் தலைப்பட்டனர். இது மருத்துவமே என்றனர் அமைச்சர். கொடுமையே என்றனர் மருத்துவர் பலர்.

தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரைத் தெரிவிக்கும் பொருட்டுக் காந்தியடிகள் அவ்வாண்டில் சில திங்கள் இலண்டனில் தங்கியிருந்தார். இம்மாதரின் தியாகத்தையும் அஞ்சாமையையும் அவர் வியந்து தம் பத்திரிகையில் எழுதினார். கல்லெறிதல் முதலிய செயல்களை அவர் ஏற்கவில்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

அக்டோபர்த் திங்களில் நியூகாஸில் நகருக்கு நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் வந்தார். கான்ஸ்டன்ஸும் தோழியர் சிலரும் அங்கே சென்றனர். கான்ஸ்டன்ஸ் ஒரு கல்லைத் தாளிற் சுற்றி, எவருக்கும் ஊறு நேராதபடி தாழ்வாக, ஒரு மோட்டார் வண்டியின்மேல் எறிந்தார். மீண்டும் சிறை, உடனே உண்ணாநோன்பு. மருத்துவர் வந்தனர், நெஞ்சைக் கவனமாக ஆராய்ந்தனர், நோய் கடுமையானது என்று கண்டு இரண்டொரு நாளிலேயே விடுவித்தனர். புகழ்பெற்ற பத்திரிகையாளர் ஒருவரின் மனைவியாரும் அவ்வாறே விடுதலை பெற்றார். அவர்களோடு கைதான ஏனையோருள் சிலருக்கோ குழாய் வழியாக உணவு செலுத்தப்பட்டது.

விடுதலை கான்ஸ்டன்ஸுக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. நோயாளி என்பதற்காக விடுவித்தார்களா, பிரபு குலத்தவள் என்பதற்காகவா? பெயர் தெரியாத ஓர் ஏழைப் பெண்ணுக்கு இதே நெஞ்சு நோய் இருந்தால், அவளையும் இவ்வாறு ஆராய்ந்து பார்ப்பார்களா? இவ்வினா அவரை அல்லும் பகலும் வாட்டியது. பாராளுமன்றத்தில் உள்துறை அமைச்சரோ, எல்லாக் கைதிகளும் ஒரே வகையாகவே நடத்தப்படுவதாகக் கூறிவந்தார். அக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு.

அவ்வாண்டின் இறுதியில் லிவர்ப்பூல் நகரத்து வால்ட்டன் சிறையில் செலினா மார்ட்டின் என்னும் பெண், விசாரணை முடியுமுன்னரே கைவிலங்கிடப்பட்டு வலிந்து உணவூட்டப்பட்டாள் என்ற செய்தி பரவியது. கான்ஸ்டன்ஸ் இனிப் பொறுப்பதற்கில்லை என்று முடிவு செய்தார். 1910 ஜனவரியில் மான்செஸ்டர் நகரில், ஜேன் வார்ட்டன் என்னும் புனைபெயரில், சங்கத்தில் புதிதாகச் சேர்வாரைப்போல் சேர்ந்தார். பிரெஞ்சு நாட்டு வீராங்கனை ஜோன் நினைவாக ஜேன். உறவினர் ஒருவரின் பெயரைச் சுருக்கியமைத்தது வார்ட்டன். தொழில், தையல் வேலை.

வேடம் வெகு நன்றாக அமைந்தது. நீண்ட கூந்தலைக் கத்தரித்துப் பழங்கால முறையில் வகிடெடுத்து ஒட்டச் சீவினார். மலிந்த விலையில் ஒரு மேலங்கியும் உருவம் கெட்ட ஒரு தொப்பியும் வாங்கினார். கம்பளிக் கையுறை, கழுத்துத் துண்டு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை அணிந்தார். உள்ளாடைகளில் தைக்கப்பட்டிருந்த தம் பெயரெழுத்துகளையும் மறவாமல் பிரித்தெடுத்தார். தெருவில் சென்றபோது சிறுவர் அவரைக் கண்டு நகைத்தனர். லிட்டன் சீமாட்டி நடந்து சென்றால் வழிவிட்டு நின்று வணங்கும் உலகம், ஜேன் வார்ட்டனைக் கண்டதும் ஏளனம் செய்தது. ஆளும் மாறவில்லை, நெஞ்சும் மாறவில்லை, தொப்பிதான் மாறியது.

ஜனவரி 14ஆம் நாள் மாலை வால்ட்டன் சிறைக்கு வெளியே கூட்டம் நடந்தது. ஜேன் வார்ட்டன் எழுந்து பேசி, சிறைத் தலைவரின் வீட்டை நோக்கிக் கூட்டத்தாரை அழைத்துச் சென்றார். காவலர் தம்மைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவரோ என்ற அச்சத்தால், கையிலிருந்த கற்களை வேலிக்கு அப்பால் தோட்டத்துள் போட்டார். கைது செய்தனர். மறுநாள் நீதிமன்றத்தில் அவருடைய தோற்றமே சிரிப்பை விளைவித்தது. பதினான்கு நாள் சிறை. அதுவும் மூன்றாம் பிரிவில்.

சிறைக்குள் சென்றதும் அவர் உணவை மறுத்தார். நான்கு நாள் கழிந்தன. ஜனவரி 18ஆம் நாள் மாலையில் மருத்துவர் வந்தார். உடன் நாலைந்து பெண் காவலர் வந்தனர். நாடி பார்க்கவில்லை, நெஞ்சில் கருவி வைத்துக் கேட்கவும் இல்லை. பலகைப் படுக்கையில் கிடத்திக் கையையும் காலையும் தலையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டனர். வாயைத் திறக்க மரக்கருவி ஒன்று, எஃகுக்கருவி ஒன்று. எஃகு மிகுதியாக வலிக்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஜேன் வாயை இறுக மூடிக்கொண்டார். எஃகுக்கருவி பற்களின் இடையே நுழைந்தது. திருகத் திருகத் தாடைகள் இயற்கைக்கு மாறாக அகன்றன. நீண்ட இரப்பர்க் குழாய் தொண்டை வழியே இறங்கியது. மூச்சு அடைத்தது. குழாயில் ஊற்றிய உணவு உள்ளே சென்ற வேகத்திலேயே வெளியே வந்தது. மருத்துவரின் உடையும் நனைந்தது. எல்லாம் முடிந்து போகும்போது, சினமோ வெறுப்போ, அம்மருத்துவர் அவர் கன்னத்தில் ஓர் அறை அறைந்துவிட்டுச் சென்றார்.

அவ்வறை வலியால் அன்று, அதன் பொருளால் அவரைச் சுட்டது. லிட்டில்ஹாம்ப்டன் தெருவில் அறைபட்ட ஆட்டை அவர் மறந்திருப்பாரா? ஆனால், தம் துயரை எண்ணிக் கிடக்கவும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. சிறிது பொழுதில் அடுத்த அறையிலிருந்து அதே ஓசைகள் எழுந்தன. அங்கே அடைபட்டிருந்த தோழி எல்சி ஹோவி என்னும் மங்கைக்கும் அதுவே நடந்தது. தம்மீது நிகழ்ந்ததைக் காட்டிலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததே கொடிது என்று அவர் பின்னாளில் எழுதினார்.

இவ்வாறு எட்டு முறை நடந்தது. இடையே ஒருநாள் அவர் உடம்பு குளிரால் வெடவெடவென நடுங்குவதைக் கண்டு, மருத்துவர் தம் உதவியாளரை அழைத்து நெஞ்சைப் பார்க்கச் சொன்னார். இளைஞராகிய அவ்வுதவியாளர் ஒரு நொடி செவி வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு மிக நன்றாக இருக்கிறதென்று மகிழ்ச்சியோடு தெரிவித்தார். மூன்று திங்களுக்கு முன், நியூகாஸில் சிறையில், சிறையிலிருக்கவே தகாதது என்று முடிவு கூறப்பட்ட அதே நெஞ்சு அது! இதைவிடத் தெளிவான சான்று ஒன்று கான்ஸ்டன்ஸுக்கு வேண்டியிருக்கவில்லை.

மருத்துவரிடம் அவர் ஒருமுறை வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: அறைவது பணியின் ஒரு கூறாக இல்லையெனில், அதனை விட்டுவிடலாகாதா என்பது. அதன்பின் அவர் அறையவில்லை. ஒரு சொல் கூறியிருந்தால், தாம் யார் என்பதை ஒரே ஒரு சொல்லாற் கூறியிருந்தால், கதவுகள் திறந்திருக்கும். அச்சொல்லை அவர் கூறவில்லை. கன்னத்தில் அறைந்தவரைக் காட்டிலும் தம் நாவையே அவர் அந்நாட்களில் கண்காணித்திருக்க வேண்டும்.

ஜேன் வார்ட்டன் யார் என்னும் ஐயம் எவ்வாறோ வெளியில் கசிந்தது. செய்தி அறிந்த தங்கை எமிலி லிவர்ப்பூலுக்கு விரைந்தார். ஜனவரி 23ஆம் நாள் சிறைக் கதவு திறந்தது. எலும்புருவாக வெளிவந்த தமக்கையை எமிலி கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்.

அம்மாத இறுதியில் இலண்டன் மாநகரின் குவீன்ஸ் மண்டபத்தில் கான்ஸ்டன்ஸ் நடந்ததனைத்தையும் எடுத்துரைத்தார். பலர் நடுவே பேச அஞ்சிய மாது அவர் என்பதை நினைவிற்கொள்க. பத்திரிகைகளுக்கும் எழுதினார். தம்பி விக்டர் பிரபு, தக்க விசாரணை நடத்துமாறு உள்துறை அமைச்சரை வற்புறுத்தினார். அரசினர் குற்றச்சாட்டை மறுத்தனர், விசாரணைக்கும் இசையவில்லை. ஆனால், நாட்டில் எழுந்த அதிர்ச்சியை அவர்களால் அடக்க இயலவில்லை. பிரபுவின் மகளுக்கு ஒரு நெஞ்சு, தையற்காரிக்கு வேறொரு நெஞ்சா என்று மக்கள் வினவத் தொடங்கினர். மார்ச்சுத் திங்களில், புதிதாக உள்துறை அமைச்சர் பதவியேற்ற வின்ஸ்டன் சர்ச்சில், இத்தகைய கைதிகள் தம் சொந்த உடையை அணியவும், சிறைக் கடுமைகள் சில குறையவும் இடந்தரும் புதிய விதியை வகுத்தார். முதற்பிரிவு கிடைக்கவில்லை, பாதி வழி கிடைத்தது. வலிந்து உணவூட்டும் வழக்கமும் பின்னர் மீண்டும் தலைதூக்கியது.

விக்டர் பிரபு அவ்வாண்டிலேயே, பாராளுமன்றத்தின் எல்லாக் கட்சியினரையும் ஒன்றுசேர்த்து வாக்குரிமை மசோதா ஒன்றை நிறைவேற்ற முயன்ற குழுவிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சி ஈடேறவில்லை.

கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் ஊழியராகி ஊர் ஊராகச் சென்று பேசினார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே நெஞ்சு நோய் முற்றிப் படுக்கையில் வீழ்த்தியது. சற்றே தேறியதும், 1911 நவம்பரில், சன்னலை உடைத்து நான்காம் முறையாகச் சிறை சென்றார். பெயர் வெளியிடாத ஒருவர் அபராதத்தைச் செலுத்திவிடவே சில நாளில் வெளிவந்தார். 1912ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பக்கவாதம் தாக்கியது. வலக்கை பயனற்றுப் போயிற்று.

மகளின் செயலால் மனம் நொந்த தாயாரே இப்போது மகளுக்குச் செவிலியானார். மருமகன் லுட்டியன்ஸ் நெப்வொர்த் அருகே கட்டித்தந்த ஹோம்வுட் என்னும் வீட்டில் இருவரும் வாழ்ந்தனர். நாற்பதாண்டுக் காலம் தாய்க்காகவே வாழ்ந்த மகள், ஒருநாள் ஒரு கடிதத்தை விட்டுவிட்டுத் தாயின் உலகத்திலிருந்து வெளியேறினாள். மீண்டு வந்தபோது கையும் காலும் தளர்ந்து வந்தாள். எடித் சீமாட்டி அவரைக் கடிந்துகொள்ளாமல் ஏற்றுக்கொண்டார்.

அவ்வீட்டிலிருந்து கான்ஸ்டன்ஸ் இடக்கையால் எழுதப் பழகினார். ஒவ்வோர் எழுத்தாக, தவழும் குழந்தைபோல், தம் சிறை வரலாற்றை எழுதி முடித்தார். சிறைகளையும் சிறைப்பட்டோரையும் பற்றிய அந்நூல் 1914ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம்மைப் பற்றி மட்டும் அவர் அதில் எழுதவில்லை. சிறையிற் கண்ட ஏழைப் பெண்கள், அவர்கள் துடைத்த தரைகள், கடுமையான கட்டளைக்கிடையே சிறிது இரக்கம் காட்டிய காவற்பெண்கள் ஆகிய எல்லாரையும் எழுதினார். நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இரண்டு இருந்தன: ஒன்று கான்ஸ்டன்ஸ் லிட்டன், மற்றொன்று ஜேன் வார்ட்டன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. மாதர் சங்கம் போராட்டத்தை நிறுத்தியது. அரசினர் கைதிகளை விடுவித்தனர். 1918ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், சொத்துத் தகுதியுடைய முப்பது வயது நிரம்பிய மாதருக்கு வாக்குரிமை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. செய்தி வந்தபோது கான்ஸ்டன்ஸ் அம்மையார் நோய்ப்படுக்கையில் இருந்தார். 1923ஆம் ஆண்டு மேத் திங்களில், தம் 54ஆம் வயதில், இலண்டனில் உயிர் நீத்தார். இருபத்தொரு வயதான எல்லாப் பெண்களும் ஆண்களுக்கு ஒப்ப வாக்களிக்கலாம் என்ற சட்டம் வருவதற்கு இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன.

அவருடைய அஸ்தி, நெப்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் உள்ள குடும்பக் கல்லறை மண்டபத்தில் வைக்கப்பட்டது. தாயார் எடித் சீமாட்டி அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1936ஆம் ஆண்டில் மறைந்தார்.